வாசனை தெரியாமல் போன மாதங்கள்: பொடி வறுத்து விற்கும் ஒருத்தியின் அனுபவம்

நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி எல்லாம் வறுத்து, மிஷினில் கொடுத்து அரைத்து விற்கிறவள். வீட்டுக்காரர் இல்லை, மகள் பெங்களூரில் இருக்கிறாள், தனியாகத்தான் இருக்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. வழக்கமாக வருவதுதான், கஷாயம் குடித்து, மாத்திரை போட்டு, போயும் விட்டது. ஆனால் அது போகும்போது என் வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கடைப்பு இல்லை, மூச்சு நன்றாகவே ஓடுகிறது, பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குள் கவிழ்க்காத குறையாக வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. பெருங்காயம்! பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துகிற பொருள் அது. இதைப் பற்றித் தமிழில் உருப்படியாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அப்போது தேடித் தேடி அலுத்துப்போனேன், கிடைத்ததெல்லாம் இஞ்சிச் சாறு வைத்தியம். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என்னையும் மற்றவர்களையும் குழப்பியது அமிர்தாஞ்சன். நெற்றியில் தடவினால் கண் எரிகிறது, மூக்குக்குள் குளுகுளுவென்று ஏறுகிறது. "பார், தெரிகிறதே, மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் எதிர்வீட்டு அக்கா. பிற்பாடு டாக்டர் விளக்கினார். மூக்குக்குள் இரண்டு வேறு வேறு நரம்புகள் வேலை செய்கின்றன. வாசனையைப் பிடிப்பது ஒன்று. எரிச்சல், குளிர்ச்சி, காரநெடி இதையெல்லாம் உணர்வது முகத்தின் தொடு உணர்வுக்கான நரம்பு. மிளகாய் வறுக்கும் நெடியில் இருமல் வருவது, வெங்காயம் நறுக்கும்போது கண் கரிப்பது, தைலத்தின் ஜில்லிப்பு, இவையெல்லாம் இரண்டாவது நரம்பின் வேலை. வாசனை சுத்தமாகப் போனவருக்கும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஆகவே வீட்டில் சோதித்துப் பார்ப்பதென்றால் தைலம், கற்பூரம், மிளகாய் எதையும் எடுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு வேறு ஒருவரை நீட்டச் சொல்லி காபித் தூள், கிராம்பு, பூ, சோப்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒரு பக்க மூக்கை மூடி மறுபக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டு ரொம்ப உதவும்.

அடுத்து சாப்பாடு. வாசனை போனால் ருசியும் போகும் என்று எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும்தான், ஆனால் எவ்வளவு போகும் என்பது அனுபவித்தால்தான் தெரிகிறது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி என்கிறார்களே தக்காளியிலும் காளானிலும் வரும் அந்தச் சாறுச் சுவை, அவ்வளவுதான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் வழியாக மேலே மூக்குக்கு ஏறும் வாசனை. அது நின்றதும் என் ரசம் காரம் போட்ட புளித்தண்ணீர் ஆகிவிட்டது. கத்தரிக்காய் வதக்கலும் வாழைக்காய் வதக்கலும் ஒன்றுதான். சாப்பாட்டுக்கு உட்காரவே பிடிக்காமல் போய், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிற அளவுக்கு இளைத்தேன். பார்க்கிறவர்கள் சர்க்கரை கூடிவிட்டதா என்று கேட்டார்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு: சப்பென்று இருக்கிறதே என்று கை தானாக உப்பையும் ஊறுகாயையும் தேடும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். எனக்குக் கைகொடுத்தது வாய்க்கு வேலை தரும் சாப்பாடு. மூக்குக்கடலைச் சுண்டல், முறுகலான தோசை, வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சை பிழிந்த பொரி, ஜில்லென்று வெள்ளரிக்காய். மொறுமொறுப்பும் புளிப்பும் சூடும் குளிர்ச்சியும் மூக்கு இல்லாமலே தெரியும், அதை நம்பித்தான் பல நாள் சாப்பிட்டேன்.

தொழில் விஷயத்துக்கு வருகிறேன். பொடி வறுப்பது கண்ணால் செய்கிற வேலை என்று நினைப்பார்கள். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும், சரி. தனியா வறுபட்டதை வாசனைதான் சொல்லும், வெந்தயம் இன்னும் மோசம், பதமாகச் சிவப்பதற்கும் கருகிக் கசப்பதற்கும் இடையில் மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கிறது. முப்பது வருஷமாக அந்த நேரத்தை என் மூக்கு பார்த்துக்கொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரியாது. சளிக்குப் பிறகு போட்ட ஈடுகள் சிலது கசந்து திரும்பி வந்தன. வாடிக்கையாளர்கள் நல்லவர்கள், திட்டவில்லை, அடுத்த மாதம் வாங்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு ஈட்டில் எள் காறிப்போயிருந்தது, மூட்டையைப் பிரித்ததுமே தெரிந்திருக்க வேண்டியது. சரக்குக் காசு மட்டும் 12,000 ரூபாய்க்கு மேல் போனது, விட்டுப்போன ஆர்டர்களை நான் கணக்குப் போடவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டு வாணலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "பெரியம்மா, இப்ப வாசனை வருது", "பெரியம்மா, இறக்குங்க" என்று அவள் சொல்வாள், நான் இறக்குவேன். அவளுக்கு ஈட்டுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தேன், சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாதில்லையா. சமையல், கேட்டரிங், ஊதுபத்தி, தேயிலை, எண்ணெய்ச் செக்கு மாதிரி மூக்கை வைத்துப் பிழைக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே செய்யச் சொல்வேன். ஒரு நல்ல மூக்கைச் சம்பளத்துக்கு வையுங்கள், அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

வைத்தியம் என்று நான் அலைந்தது ஒரு தனிக் கதை. முதலில் தெருமுனை டாக்டர். சளிதான் காரணம், தானாக வரும் என்றார், அதில் தப்பில்லை, நிறையப் பேருக்குத் தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் கூடவே ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை, அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்று சொல்லவும் இல்லை. ரெண்டு நாளில் நாக்கு வறண்டு, ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடை, பரிசோதித்தால் 300ஐத் தாண்டி நிற்கிறது. வாசனை வரவில்லை, சர்க்கரையை இறக்குவதற்குத் தனியாகச் செலவு. ஸ்டீராய்டே வேண்டாம் என்று சொல்லவில்லை, மூக்குக்குள் சதை வளர்ந்தவர்களுக்கும் கடுமையான அழற்சி உள்ளவர்களுக்கும் அது நன்றாகக் கேட்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வயிற்றுப் புண், கண்ணில் பிரஷர் இதில் எது இருந்தாலும் டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

அதற்கப்புறம் போனது கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக். கேமரா குழாய் விட்டுப் பார்த்தார்கள், சிடி ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தப் பரிசோதனை, அலர்ஜிப் பரிசோதனை, எல்லாம் சேர்த்து 15,000 ரூபாயை நெருங்கியது. முடிவில் மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது, ஒரு பக்கம் சதை வீங்கி அடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் வாசனை வரும், 70,000 ஆகும், வருகிற வாரமே செய்யலாம் என்றார்கள். படத்தையும் காட்டினார்கள். ஒரு பக்கம் குறுகியிருப்பது என் கண்ணுக்கே தெரிந்தது. பணத்தைப் புரட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன். மகள்தான் போனில் ஒரே பிடிவாதமாக, இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று நின்றாள்.

இன்னொரு டாக்டர் அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்தார். காலையில் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்து, மதியம் ஆகிவிட்டது, ஆனால் அந்த அம்மா என் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நடுத்தண்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறவர்கள்தான் குறைவு, உங்களுக்கு இது பிறந்ததிலிருந்தே இப்படி இருந்திருக்கலாம், போன வருஷம் பெருங்காயம் தெரிந்ததா இல்லையா என்று கேட்டார். தெரிந்தது. அப்புறம் அந்த வீங்கிய பக்கம். மூக்குக்குள் பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாகச் சதை இருக்கிறது, உள்ளே போகும் காற்றை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஈரப்படுத்தி, தூசியைச் சளியில் ஒட்டவைத்து நுரையீரலுக்கு அனுப்புவது அதன் வேலை. அது இரண்டு பக்கமும் முறை வைத்துக்கொண்டு சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்கும், எல்லோருக்கும் அப்படித்தான். 1895லேயே காய்சர் என்ற ஜெர்மன் டாக்டர் இதை எழுதிவைத்திருக்கிறார். நம் ஊரில் யோகம் பழகுகிறவர்களுக்கு இடகலை, பிங்கலை, சரம் பார்ப்பது என்று இந்த மாறி மாறி ஓடும் மூச்சு நன்றாகவே பழக்கம். ஸ்கேன் எடுத்த நேரத்தில் எந்தப் பக்கத்தின் முறையோ அந்தப் பக்கம் வீக்கமாகத் தெரியும், அதை மட்டும் வைத்து வியாதி என்று சொல்ல முடியாது என்றார். உங்கள் மூக்கில் கதவு திறந்துதான் இருக்கிறது அம்மா, உள்ளே இருக்கிற நரம்பு அடிபட்டிருக்கிறது, அதற்குக் கத்தியால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். 70,000 மிச்சம்.

இதற்கு அர்த்தம் ஸ்கேனே வீண் என்பதல்ல. திடீரென்று வாசனை போய் ரெண்டு வாரத்துக்கு மேல் திரும்பவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். சதை வளர்ச்சி, நாள்பட்ட சைனஸ், தலையில் அடிபட்டது, அபூர்வமாகக் கட்டி, இப்படிக் காரணங்கள் பல. சளி காய்ச்சல் எதுவுமே வராமல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போனால் அதையும் வயசாகிவிட்டது என்று விடக் கூடாது, பார்க்கின்சன் நோயில் கை நடுங்க ஆரம்பிப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே வாசனை குறைவது உண்டு. நான் சொல்வது இவ்வளவுதான்: ஆபரேஷன் என்றதும் படத்தையும் ரிப்போர்ட்டையும் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போங்கள். அவை உங்கள் காசில் எடுத்தவை, கேட்டால் தர வேண்டும்.

நடுவில் பறிபோன சில்லறைகளையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது மூலிகை போட்டது என்று ஒரு மூக்கு எண்ணெய், மூன்று பாட்டில் சேர்த்து 4,500. விட்டால் தொண்டை வரை எரிந்தது. ஆன்லைனில் வரவழைத்த வாசனைப் பயிற்சிப் பெட்டி 3,800, அதில் இருந்ததெல்லாம் என் அடுக்களையிலேயே இருந்த சாமான். துத்தநாக மாத்திரை ஒரு பட்டை. துத்தநாகத்தை மூக்குக்குள் ஸ்பிரேயாகவோ ஜெல்லாகவோ அடிக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்படிப்பட்டவற்றால் வாசனை போய்விட்டதென்று நிறையப் புகார் வந்து 2009ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவுவது நல்லதுதான், ஆனால் குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே விடக் கூடாது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான். மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளச் செய்திகளில் வருகிறதே, அது குடிப்பதால் வருவதில்லை, மூக்கு வழியாக ஏறுகிற தண்ணீரால்தான் வருகிறது.

சரி, அந்த டாக்டரம்மா என்ன செய்யச் சொன்னார்? மருந்தே எழுதவில்லை. மூக்கின் உச்சியில் தபால்தலை அளவுக்கு ஒரு இடம், அங்கேதான் வாசனை நரம்புகளின் நுனி இருக்கிறது. அவை ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு மெல்லிய எலும்பின் வழியாக நேரே மூளைக்குப் போகின்றன. வைரஸ் அந்த இடத்தைத்தான் பாழாக்கியிருக்கிறது. ஆனால் உடம்பிலேயே திரும்ப முளைக்கக் கூடிய நரம்பணுக்கள் ரொம்பக் குறைவு, அதில் இது ஒன்று. முளைத்துவரும் நரம்புக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் பயிற்சி என்றார். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் ஹும்மல் என்ற டாக்டர் 2009ல் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு வாசனையை வைத்து, தினமும் காலையும் மாலையும், 12 வாரம் முகரவைத்துப் பார்த்திருக்கிறார், பயிற்சி செய்யாதவர்களைவிடச் செய்தவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. எனக்கு இந்த நாலும் வீட்டிலும் தெருமுனைக் கடையிலும் கிடைத்துவிட்டன. பன்னீர் ரோஜா இதழ், நீலகிரித் தைலம் ரெண்டு சொட்டு பஞ்சில், எலுமிச்சைத் தோல், தட்டிய கிராம்பு. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் நாலில் போட்டு மூடிவைத்துக்கொண்டேன்.

செய்வது எளிது, விடாமல் செய்வதுதான் கஷ்டம். ஒரு பாட்டிலைத் திறந்து இருபது விநாடி போல மெதுவாக, சின்னச் சின்னதாக முகர வேண்டும், பலமாக இழுக்கத் தேவையில்லை. அந்த நேரம் மனசு அங்கேயே இருக்க வேண்டும். கிராம்பு என்றால் கிராம்பு எப்படி மணக்கும் என்று நினைவிலிருந்து தேடிக்கொண்டே முகர வேண்டும், டிவி பார்த்துக்கொண்டே செய்தால் பலனில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த பாட்டில். எலுமிச்சைத் தோலையும் ரோஜாவையும் அடிக்கடி மாற்றுங்கள், பூஞ்சை பிடிக்கும், உங்களுக்குத் தெரியாது. தைலத்தை மூக்குக்கு ஒட்டி வைக்காதீர்கள், ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மூன்று மாதம் ஆனதும் சாமான்களை மாற்றச் சொன்னார்கள், நான் ஏலக்காய், சீரகம், துளசி, ஆரஞ்சுத் தோல் என்று மாற்றினேன். முதல் சில வாரங்கள் வெறும் பாட்டிலைத்தான் முகர்ந்துகொண்டிருந்தேன், பைத்தியக்காரத்தனமாக இருந்தது, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன்.

தூக்கம் வராத ராத்திரிகளில் மூக்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், அது ஒரு வகையில் துணையாக இருந்தது. வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் எப்படி இருக்கின்றன என்று லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள், அதற்கு 2004ல் நோபல் பரிசு. மனிதர்களுக்கு வேலை செய்யும் ஏற்பி மரபணுக்கள் 400 போல, நாய்க்கு அதைப் போல இரண்டு பங்கு, ஆப்பிரிக்க யானைக்கு 2,000 வாக்கில். இதைப் படித்த பிறகு ரங்கநாதர் கோயில் யானையைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டது. பழம் கொடுக்கப் போனால் முதலில் கையை முகர்ந்துவிட்டுத்தான் வாங்கும். எங்கள் தெரு நாய் ஒன்று கம்பத்துக்குக் கம்பம் நின்று நேரத்தைப் போக்கும், அதுவும் சும்மா இல்லை. நாயின் மூக்கு ஓட்டைக்குப் பக்கவாட்டில் ஒரு கீறல் இருக்கிறதல்லவா, வெளிவிடும் காற்று அந்த வழியாகப் பக்கமாகப் போய்விடுவதால் முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை, மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்க முடிகிறது. கிராமத்தில் கிடா ஆடு, காளையெல்லாம் தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்பதைச் சின்ன வயதில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பெட்டை சினைப் பருவத்தில் இருக்கிறதா என்று அறிய, அதன் மூத்திரத்தின் வாசனையை அண்ணத்துக்கு மேலே இருக்கும் தனி உறுப்பு ஒன்றுக்கு ஏற்றுகிற வேலை அது. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பதும் அதே உறுப்புக்குத்தான். டால்பினுக்கோ தலையுச்சியில் மூக்கு இருக்கிறது, மூச்சு மட்டும்தான் விடும், மோப்பமே கிடையாது. அதைப் படித்தபோது கொஞ்சம் நெருங்கிய சொந்தம் கிடைத்த மாதிரி இருந்தது.

எங்கள் அம்மா வீட்டில் கன்று செத்துப்போன பசுவுக்கு, கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பசு அதை முகர்ந்து, நக்கி, பாலை இறக்கிவிடும். கண்ணுக்கு அது கன்றாகவே தெரியாது, விறைத்து நிற்கும் ஒரு பொம்மைதான், ஆனால் மூக்கு ஒப்புக்கொண்டால் போதும். மகள் பொங்கலுக்கு வந்து கட்டிக்கொண்டபோது அவள் தலையில் எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. பேசாமல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பாதுகாப்பு விஷயத்தை இதற்குமேல் தள்ளிப்போடக் கூடாது. சமையல் கேஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்கிற நாற்றச் சாமானைக் கலக்கிறார்கள். மூக்கு போனவருக்கு அந்த ஏற்பாடு முழுக்க வீண். ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, நான் ஹாலில் உட்கார்ந்து பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்தேன், பால்காரப் பையன் வாசலிலிருந்து கத்தினான். அன்றைக்கே கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்று வாங்கினேன், 1,500 ரூபாய்க்குள் வந்துவிட்டது, நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு அதுதான். அதைச் சுவரில் உயரத்தில் மாட்டாதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும், தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். கசிவு என்றால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டுங்கள். மாவு புளித்தால் நாக்கு சொல்லிவிடும், கெட்டுப்போன குழம்பை அது எல்லா நேரமும் சொல்லிவிடாது.

தை மாதக் கடைசியில் ஏதோ வாசனை வர ஆரம்பித்தது. சந்தோஷப்படுவதற்குள் அது நாற ஆரம்பித்தது. காபி, வதங்கும் வெங்காயம், பூண்டு, வறுத்த பருப்பு, பற்பசை, எல்லாமே ஒரே மாதிரி, சாக்கடையும் கருகிய ரப்பரும் கலந்த ஒரு வாடை. போனதே தேவலை என்று ஆகிவிட்டது. பொடி வறுப்பவளுக்கு வறுத்த வாசனையே குமட்டினால் என்ன செய்வது? முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வறுத்தேன். இதற்கு வாசனைத் திரிபு என்று பெயர், நரம்பு அரைகுறையாக முளைத்து ஒரு வாசனையின் சில துணுக்குகளை மட்டும் பிடிக்கும்போது இப்படி ஆகும் என்கிறார்கள். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2022ல் காபியைப் பிரித்துப் பிரித்து இப்படிப்பட்டவர்களை முகரவைத்துப் பார்த்ததில், வறுக்கும்போது உண்டாகும் கந்தகம் கலந்த ஒரு பொருள்தான் பெரும்பாலானவர்களைக் குமட்டவைத்திருக்கிறது. பெரும்பாலும் இது திரும்பி வருகிற வழியில் வரும் கட்டம் என்று டாக்டரம்மா சொன்னதால்தான் நான் பயிற்சியை விடாமல் இருந்தேன். அந்தச் சமயத்தில் சாப்பாட்டை ஆறவைத்துச் சாப்பிடுங்கள், ஆவி குறைந்தால் வாடையும் குறைகிறது. தயிர் சாதம், இட்லி, அவல், வாழைப்பழம், தாளிக்காத மோர்க்குழம்பு, இவைதான் எனக்கு இறங்கின. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் "ஒரு வாய் சாப்பிட்டுப் பார்" என்று வற்புறுத்தாதீர்கள், அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை.

வெளியே சொல்லக் கூச்சமாக இருந்த ஒன்றையும் சொல்கிறேன். என் மேல் வாடை அடிக்கிறதா என்று எனக்குத் தெரியாது என்பதே பெரிய பயமாகிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தேன், கல்யாணத்துக்குப் போனால் ஓரமாக உட்கார்ந்தேன். சொந்தக்காரப் பெண்மணி ஒருவர், "மூக்கும் முழியுமாகத்தானே இருக்கிறாய், இதற்கா இவ்வளவு அலட்டல்" என்றார். கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை என்றால் கையைப் பிடித்து உட்காரவைப்பார்கள், இதற்குச் சிரிப்புதான். மார்கழிக் காலைகளில் எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தேன், அதையும் டாக்டரிடம் சொல்லலாம் என்று அப்போது தோன்றவில்லை. சொல்லுங்கள், அவர்கள் இதை அடிக்கடி பார்த்திருக்கிறார்கள். வாடை விஷயத்துக்கு எதிர்வீட்டு அக்காவிடமே வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன், வாடை வந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள் அக்கா என்று. அதற்குப் பிறகு ஒரு குளியலோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போதைய நிலவரம்: முக்கால்வாசி வந்துவிட்டது என்று சொல்லலாம். எலுமிச்சை முதலில் தெளிந்தது, பிறகு ஏலக்காய், மல்லிகை. பெருங்காயம் வருகிறது, ஆனால் பழைய பெருங்காயம் இல்லை. காபி பாதி காபி, பாதி வேறு ஏதோ. வெந்தயம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, அதனால் வெந்தயம் வறுக்கும் நாளில் மட்டும் அந்தப் பெண்ணையே கூப்பிடுகிறேன். செமஸ்டர் பரீட்சை வந்தால் அவள் தங்கை வருகிறாள், அவளுக்கு மூக்கு இன்னும் கூர்மை, கூலியும் கூடுதலாகக் கேட்கிறாள்.